வாயைக் காட்டாமல் ரத்தம் கொடுத்தது

நான் மனை விற்கும் தரகன். திருப்போரூரைச் சுற்றி நட்டிருக்கும் எல்லைக் கற்களில் பாதியாவது என் பேச்சைக் கேட்டிருக்கும். வெறும் முட்புதரைக் காட்டி, "இங்க முப்பதடி ரோடு வருது சார், அதோ அங்க பார்க் வருது" என்று சொன்னால், கேட்கிறவர் கண்ணில் ரோடும் தெரியும், பார்க்கில் அவர் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவதும் தெரியும். வாய்தான் எனக்குச் சோறு போட்டது.

அந்த வாய் போன வருடத்திலிருந்து மூடிக்கொள்ள ஆரம்பித்தது. முதலில் கொட்டாவி பாதியில் நின்றது. அப்புறம் வாழைப்பழத்தைக் கடிக்க முடியாமல் பிட்டு நசுக்கி உள்ளே தள்ளினேன். போண்டாவைப் பார்த்தாலே கோபம் வந்தது. ரசம் பட்டால் உள்கன்னம் பற்றி எரிந்தது. எரிகிற இடத்தை நாக்கால் தொட்டால் சொரசொரவென்று இருந்தது, அதில் ஒரு ஓரம் புண்ணாகி ஆறாமலே கிடந்தது. நாக்கு சும்மா இருக்குமா? வாடிக்கையாளரிடம் பட்டா விவரம் சொல்லும்போதுகூட அது அங்கேயே போய் நின்றது.

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. மாவா. பாக்குத் தூளோடு புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்துப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். விற்கக் கூடாத சரக்கு, ஆனால் கேட்கிற மாதிரி கேட்டால் கிடைக்கும். உச்சி வெயிலில் சைட்டில் நிற்கும்போது ஒரு சிட்டிகை கன்னத்தில் அதக்கிக்கொண்டால் பசி அடங்கும், பேச்சும் தடையில்லாமல் வரும். வீட்டுக்குள் நுழையும் முன் குழாயடியில் வாயைக் கொப்பளித்து, ஏலக்காய் ஒன்றைக் கடித்துக்கொள்வேன். பெண்டாட்டிக்கும் மகளுக்கும் தெரியாது என்பது என் நம்பிக்கை. ஊருக்கெல்லாம் கதை சொல்கிறவனுக்குத் தன் கதையை நம்புவதில் என்ன சிரமம்?

மகளுக்கு மாமல்லபுரம் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது அந்தச் சமயத்தில்தான். பையனுக்குக் கம்பெனி வேலை. அவன் அப்பா சுற்றுலா வேன் ஓட்டிப் பிழைத்தவர், இப்போது சொந்தமாக வேன்கள் விட்டிருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். நான் மூச்சுவிடாமல் பேசி முடித்தால் அவர் "ஆவட்டும்" என்பார். சரி என்பதற்கும் ஆவட்டும், போதும் என்பதற்கும் ஆவட்டும். நிச்சயத்தன்று தட்டு மாற்றிய பிறகு, பெரியவர்கள் சொன்னபடி நாங்கள் இருவரும் ஆளுக்கொரு வெற்றிலை மடித்து மற்றவருக்குக் கொடுத்தோம். என்னால் மெல்ல முடியவில்லை. சுண்ணாம்பு பட்ட இடம் எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பன் கலங்குகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். அவர் தன் வெற்றிலையை மென்றாரா என்று நான் பார்க்கவில்லை. தை மாதம் கல்யாணம் என்று முடிவானது.

அன்றிலிருந்து பயம் இரண்டாகிவிட்டது. செத்துப்போவேனோ என்பது ஒன்று. பெண்ணின் அப்பனுக்கு வாயில் புற்று என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்களோ என்பது இன்னொன்று. உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் என்னை அதிகம் அரித்தது. நோயில் செத்தால் நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். மாவா போட்டு மகள் கல்யாணத்தைக் கெடுத்தவன் என்று பெயர் வந்தால் அதை யார் தூக்குவது?

ஆவணியில் ஒரு காலை, சைட் பார்க்க ஆள் வருகிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். திருப்போரூரிலேயே பல் டாக்டர் இருக்கிறார். அவருக்கு மனை பிடித்துக் கொடுத்ததே நான்தான், அவர் முன்னால் எப்படி வாயைத் திறப்பது? கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, தெரிந்த முகம் எதுவும் இல்லாத ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்களிடம் ரத்தம் எடுத்து, தலை கழுத்துப் பகுதிப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ரத்தம் என்றால் கையை நீட்டினால் போதும். கையைக் காட்டுவதில் யாருக்கு என்ன வெட்கம்?

உள்ளே ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். பொறுமையாக விளக்கினார்.

"ரத்தத்துல நிறைய புரதம் இருக்கு. அதுல பலது மேல சர்க்கரை மூலக்கூறுங்க சங்கிலி சங்கிலியா ஒட்டிக்கிட்டு இருக்கும். சுகர் வியாதியில பார்க்கிற சர்க்கரை இல்ல, இது வேற. உடம்புல புற்று வளர்ந்தா அந்தச் சங்கிலிங்க மாறுது, சிலது கூடிப்போகுது. அதை அளந்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமான்னு பார்க்கிறோம்."

"அப்ப ரத்தத்த வெச்சே தெரிஞ்சிடும், வாயத் தொறக்க வாணாம்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தெரியாது. அந்த அளவு காய்ச்சல்லயும் ஏறும், பல்லுல சீழ் இருந்தாலும் ஏறும், புற்று இல்லாத புகையிலைக்காரங்களுக்கும் ஏறும். சந்தேகப்பட உதவலாம். இருக்கா இல்லையான்னு சொல்லணும்னா வாயைப் பார்த்துதான் ஆகணும், தேவைப்பட்டா சதை எடுத்துப் பரிசோதிக்கணும். ரத்தம் கொடுத்துட்டு பக்கத்து ரூம்ல வாயைக் காட்டிட்டுப் போங்க."

எங்கள் தொழிலில் வில்லங்கச் சான்று என்று ஒன்று உண்டு. நிலத்தின் மேல் கடன், அடமானம் இருக்கிறதா என்று பதிவு அலுவலகத்தில் போட்டுப் பார்ப்பது. அது சுத்தமாக இருந்தாலும் சைட்டில் போய் நின்று பார்த்தால்தான் பக்கத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டிருப்பது தெரியும். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வேலி தள்ளியிருக்கும் மனையை விற்க வேண்டியிருந்தால் மட்டும், "பேப்பர் கிளியரா கீது சார், வெயில்ல எதுக்கு அலையறீங்க" என்பேன். டாக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாதவன் போலத் தலையாட்டிவிட்டு ரத்தம் கொடுத்தேன். பஞ்சை வைத்து ஒட்டி, கையை மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

கையை மடக்கியபடி பக்கத்து அறை வாசலுக்கு வந்தேன். அங்கே பெஞ்சில், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையை என்னைப் போலவே மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என் சம்பந்தி.

மாஸ்க் போட்டிருந்தும் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கைக்குட்டை இறங்கியது. யார் முதலில் பொய் சொல்வது என்பதுதான் பாக்கி, அதில் தொழில்முறையாக நான் முந்திக்கொண்டேன்.

"கஸ்டமர் ஒருத்தரு இங்க வேல செய்யறாரு சம்பந்தி. பாக்கலாம்னு வந்தேன்."

"நம்ப டிரைவர் ஒருத்தனுக்கு ஒடம்பு சரியில்ல. கூட வந்தேன்," என்றார் அவர்.

இரண்டு பேர் முழங்கை மடிப்பிலும் வெள்ளைப் பஞ்சு. நான் அவருடையதைப் பார்த்தேன், அவர் என்னுடையதைப் பார்த்தார். டிரைவர் எங்கே என்று நான் கேட்கவில்லை, கஸ்டமர் எங்கே என்று அவரும் கேட்கவில்லை. டீ சாப்பிடலாம் என்று வெளியே வந்தோம். ஆஸ்பத்திரிக்கு எதிரில் டீக்கடைக்காரர் கொதிக்கக் கொதிக்க இரண்டு கிளாஸ் கொடுத்தார். அதை வாயில் வைக்க எங்கள் இருவராலும் முடியாது. மழை வருமா, வேன் டீசல் என்ன விலை என்று ஏதேதோ பேசினோம். டீயில் ஆடை படிந்தது. ஆறிய பிறகு இருவரும் உதட்டின் ஒரு ஓரமாக உறிஞ்சிக் குடித்தோம். அவர் போனதும் உள்ளே திரும்பலாம் என்று நான் நின்றேன். நான் போகட்டும் என்று அவர் நின்றார். கடைசியில் வேறு வழியில்லாமல் அவரவர் பஸ்ஸில் அவரவர் ஏறிப் போனோம். வாயைக் காட்டாமலே வந்துவிட்டோம். பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. வயதான இரண்டு ஆண்கள் திருட்டு மாங்காய் அடித்துப் பிடிபட்டவர்களைப் போல விழித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

அந்த வாரமே அவரிடமிருந்து போன் வந்தது. எப்போதும் அவர் மனைவிதான் என் மனைவியோடு பேசுவார், இந்தத் தடவை அவரே பேசினார். "தை வரைக்கும் எதுக்கு சம்பந்தி? ஐப்பசிக்கு இஸ்துக்கலாம். செலவப் பத்தி யோசிக்காதீங்க, திருப்போரூர் முருகன் கோயில்லயே தாலி கட்டிட்டு ஒரு வேளை சாப்பாடு போட்டா போதும்." வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார்.

தரகன் மூளை உடனே கணக்குப் போட்டது. பத்திரப் பதிவுக்கு அவசரப்படுகிறவனிடம் வில்லங்கம் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரே விதி அதுதான். அவருக்கு நோய், அது வெளியே தெரிவதற்குள் பையன் கல்யாணத்தை முடித்துவிடப் பார்க்கிறார் என்று முடிவுகட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, மாமல்லபுரத்தில் வேன் ஸ்டாண்டில் எனக்குப் பழக்கமான ஒருவரைக் கூப்பிட்டு, அந்த வீட்டில் இதற்கு முன்னால் யாருக்காவது இந்த வியாதி உண்டா என்று விசாரித்தேன். மனைக்கு வில்லங்கம் பார்ப்பது போல மனிதருக்குப் பார்த்தேன். என் கன்னத்துப் புண் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "அவர நான் செங்கல்பட்டுல பாத்தேன். புத்துநோய் பாக்கற எடத்துல ஒக்காந்துகினு இருந்தாரு. இப்ப தேதிய முன்னாடி இஸ்துக்கலாம்ன்றாரு. எனக்கு இது சரியாப் படல. நிறுத்திட்டா இன்னா?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ அங்க இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"கஸ்டமர்..." என்று ஆரம்பித்தேன்.

"உன் கஸ்டமர் யாருன்னு எனக்குத் தெரியும். தெனம் உன் சட்டப் பையில இருந்து அந்தக் காலிப் பொட்டலத்த எடுத்துப் போட்டுட்டுத்தான் சட்டைய நனைக்கறேன். உன் பொண்ணுக்கும் தெரியும். வெறும் மோர்சோறா துன்றியே, எங்களுக்குக் கண்ணு இல்லியா? நீயா சொல்லுவன்னு பாத்துகினு இருந்தோம்."

ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு அவள் எழுந்தாள். "அந்த மனுஷனுக்கு வியாதி இருந்தா கல்யாணத்த நிறுத்தணும். உனக்கு இருந்தா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருக்கலாம்.

மறுநாள் டாக்டரம்மா போன் செய்தார். எடுத்தது மனைவி. ரத்தம் கொடுத்தவர்கள் வாயைக் காட்டாமல் போனால் விடமாட்டார்களாம், உடனே வரச் சொன்னார். நான் போனை வாங்கி, "ரத்தத்துல இன்னாம்மா வந்துது?" என்று கேட்டேன். "அது ஆராய்ச்சிக்குங்க, அதை வச்சு உங்களுக்கு எதுவும் சொல்ல முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேனே. நீங்க வாங்க," என்றார்.

இந்தத் தடவை மனைவியோடு போனேன். அந்த அறையில் விளக்கை முகத்துக்கு நேரே திருப்பி வாயைத் திறக்கச் சொன்னார்கள். எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க விரல்களை அடுக்கி நுழைக்கச் சொன்னார்கள். இரண்டு விரல்தான் போனது. என்னோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்தவள் அன்றைக்குத்தான் என் வாயின் உட்புறத்தைப் பார்த்தாள். பல்லெல்லாம் காவி, கன்னம் வெளுத்து வரிவரியாக இறுகிப்போயிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது. புண் இருந்த இடத்தில் ஊசி போட்டு மரக்கவைத்து, துளி சதை எடுத்து அனுப்பினார்கள்.

முடிவு வாங்கப் போன நாளில் பெஞ்சில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா அவரையும் விடாமல் போன் செய்து வரவழைத்து, சதை எடுத்து அனுப்பியிருக்கிறார். இந்த முறை ஒளிய இடமில்லை. பொய் சொல்லவும் யாருக்கும் தெம்பில்லை. அவரை உள்ளே கூப்பிட்டார்கள். பெண்கள் இருவரும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். நான் எதிர்ச் சுவரோரம் நின்றேன்.

சம்பந்தியம்மா என் மனைவியிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அன்னிக்கு இங்க அண்ணாத்தயப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து இவுரு சரியா சோறே துன்னலக்கா. தனக்கு இன்னான்னு ஒரு வார்த்த சொல்லல. பல்லு குத்தினு கீது, வேற ஒண்ணுமில்லன்னுட்டாரு. 'பாவம், சம்பந்திக்கு இன்னாவோ கீது. நம்ப கையில சொல்லக் கூச்சப்படறாரு. தை வரைக்கும் தாங்குமோ இன்னாவோ, பொண்ணு கழுத்துல தாலி ஏறுறத அவுரு கண்ணால பாக்கணும், ஐப்பசிக்கே வெச்சிடலாம்'னு நச்சரிச்சிக்கினே இருந்தாரு. அதான் அவரே போன் பண்ணாரு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒரே டீக்கடையில் ஒரே ஆடை படிந்த டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறோம். அவர் வீட்டுக்குப் போய் என் மகளுக்காகத் தேதி தேடியிருக்கிறார். நான் அவர் வீட்டு நோயைத் தேடியிருக்கிறேன். அந்தச் சுவர் வழிவிட்டிருந்தால் அதற்குள் போயிருப்பேன்.

அதற்குள் என்னையும் கூப்பிட்டார்கள். புற்று இல்லை என்றார் டாக்டரம்மா. ஆனால் கன்னம் இறுகியிருப்பது பாக்கு செய்த வேலை, இனி ஒரு துளிகூடக் கூடாது, தினமும் வாய் திறக்கும் பயிற்சி செய்ய வேண்டும், விட்டால் நாளைக்கு இதுவே புற்றாகலாம், தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்கு முன்னால் வந்தவருக்கு என்ன என்று கேட்டேன். அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

"ரத்தத்துல முன்னாடியே தெரிஞ்சிருக்குமாம்மா? நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்தான் குடுத்தோம்."

"அதைத் தெரிஞ்சிக்கத்தாங்க இந்த ஆராய்ச்சியே," என்றார். எங்கள் இருவருடைய ரத்தமும் எங்கேயோ ஒரு குளிர்பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. அதில் மாறிப்போன சர்க்கரைச் சங்கிலி எவ்வளவு என்று அவர்கள் அளக்கட்டும். அன்றைக்கு எங்கள் மனசில் இருந்ததை அளக்கிற கருவி இல்லாததால் நான் தப்பித்தேன்.

வெளியே வந்தபோது சம்பந்தி பெஞ்சில் இருந்தார். சம்பந்தியம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். என் மனைவி அவர் முதுகில் கை வைத்திருந்தாள். நான் சம்பந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்குத்தான் சம்பந்தி," என்றார். "நாக்குக்குக் கீழ. தள்ளிப் போடாம ஆபரேஷன் பண்ணணுமாம். அப்பால ரேடியேஷன் கரண்ட் வெக்கணுமாம். உங்களுக்கு இன்னா சொன்னாங்க?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு கூசியது என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லியாம்," என்றேன், கீழே பார்த்துக்கொண்டு.

அவர் என் முழங்காலில் தட்டினார். நிமிர்ந்து பார்த்தால் சிரிக்கிறார். ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது, அது அசையவில்லை, மறுபக்கம் முழுக்கச் சிரித்தது. "நல்லது சம்பந்தி. நெஞ்சுல அது ஒண்ணுதான் பேஜாரா இருந்துது. அப்ப ஐப்பசி வாணாம். நீங்க அவசரப்பட்டு அலையாதீங்க. பேசின மாதிரி தையிலயே வெச்சிக்கலாம்."

அவரிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. விசாரித்ததைச் சொல்ல வேண்டும், நிறுத்திவிடலாமா என்று கேட்டதைச் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். முட்புதரில் பார்க் காட்டிய வாய்க்கு அன்றைக்கு ஒரு வரிதான் வந்தது.

"இல்ல சம்பந்தி. ஐப்பசியே இருக்கட்டும்."

"உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆவட்டும்," என்றார்.